வன்னிக் கூரைகளும் வெயில் மின்சாரமும்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களைப்பற்றி எழுதியிருக்கிறார்கள், பண்டாரவன்னியனைப்பற்றி எழுதியிருக்கிறார்கள், காட்டையும் காய்ச்சலையும்பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். விளக்கைப்பற்றி எழுதியவர் அரியர். இருட்டிய பின் ஒரு வீடு எந்த ஒளியில் உண்டது, எந்த ஒளியில் பிள்ளை படித்தது, அவ்வொளிக்கு யார் யாருக்கு விலை கொடுத்தார் என்னும் கேள்விகள் அரசர் கதைகளினும் குறைந்தவை என்று நாம் கருதவில்லை. இன்று துணுக்காயையும் மல்லாவியையும் போன்ற ஊர்களுக்கும், கூரைமேல் தகடு பதித்து வெயிலை மின்சாரமாக்கி அதனை நாட்டின் மின்வலையோடு சேர்க்கும் முறை வந்து சேர்ந்திருக்கிறது. விற்க வருவோர் அதைச் சேமிப்பு என்கிறார்கள், வருமானம் என்கிறார்கள். அந்தப் பொறி எவ்வாறு இயங்குகிறது, யாருடைய கம்பியில் தொங்கி நிற்கிறது என்பதை அவர்கள் விளக்குவதில்லை. விளக்கினால், கூரை ஒருவருடையதாயினும் அதில் விளையும் மின்சாரம் ஒருவருடையதாக மட்டும் இருக்க இயலாது என்னும் உண்மையும் வெளிப்பட்டுவிடும்.

கம்பியின் கதையை முதலிற் பார்ப்போம்.

1918ஆம் ஆண்டில் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையை வைத்தார். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து இந்நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்பது அதன் சாரம். குடியேற்ற ஆட்சியினருக்கு அது பகற்கனவாகத் தோன்றிற்று. 1920களில் தொடங்கப்பட்ட லக்ஷபான வேலை பணமில்லை என்ற காரணங் காட்டி நிறுத்தப்பட்டது. விமலசுரேந்திர உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதே வழக்கையே பேசினார். லக்ஷபானவின் முதற் கட்டம் மின்சாரம் ஈந்தது 1950இல். அவர் உரை நிகழ்த்தியதற்கும் சுழலி சுழன்றதற்கும் இடையில் 32 ஆண்டுகள் கழிந்தன! சோவியத்து நாடு 1920இல் வகுத்த ‘கோயெல்ரோ’ மின்மயத் திட்டம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முடிக்கும் நோக்கோடு வகுக்கப்பட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ஒரு நாட்டில் நீர் விழுகிறது என்பதனால் மட்டும் விளக்கு எரிவதில்லை. யாருக்காக எரிய வேண்டும் என்ற தீர்மானம் முன்னே செல்ல வேண்டும்.

லக்ஷபான மின்சாரம் முதலிற் கொழும்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. அந்தக் கம்பிகள் தேயிலைத் தோட்டங்களின் தலைக்குமேலாகச் சென்றன. கீழே லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பல பத்தாண்டுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தார்கள். மலையில் அப்படியென்றால் வன்னியைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1950களில் பாலியாற்றை மறித்த பழைய வவுனிக்குளம் மீண்டும் கட்டப்பட்டு, காணியற்ற குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. அவர்களுக்கு நீர் கிடைத்தது, வயல் கிடைத்தது, விளக்கு மட்டும் குப்பி விளக்காகவே இருந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. வடக்கு நோக்கிய உயரழுத்தக் கம்பி வன்னி நிலத்தினூடே யாழ்ப்பாணம் போயிற்று. பெருந்தெருவோரத்துப் பட்டினங்கள் சில பயன்பெற்றன. உள்ளூர்களுக்கு அது வானத்திற் செல்லும் ஒரு கோடு.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் அந்தக் கோடும் இல்லாமற் போயிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வன்னிப் பெருநிலம் நாட்டின் மின்வலைக்கு வெளியே கிடந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் மின்கலமும் தட்டுப்பாடாயின. அக்காலத்தில் வடக்கு முழுவதும் கண்ட ஜாம்போத்தல் விளக்கை நம் வாசகரிற் பலர் அறிவர்: போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் நனையும் அளவே எண்ணெய், ஒரு மெல்லிய திரி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையும் அதுவே. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்தபோது, மல்லாவியும் துணுக்காயும் தம் சக்திக்கு மேற்பட்ட மக்கட் கூட்டத்தைத் தாங்கின. மரநிழலிற் பள்ளிகள் நடந்தன. அப்பள்ளிகளின் மாணவர் பரீட்சையிற் பெற்ற பெறுபேறுகளை நாம் இன்று பெருமையோடு சொல்லுகிறோம். அவர்கள் கண்களில் ஏறிய புகையைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இதே ஆண்டுகளில் தீவின் தென்பகுதிக் கிராமங்களில் வேறொரு விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1997இலும் பின்னர் 2002இலும் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கப்பட்ட திட்டங்களின் கீழ், மின்கம்பி எட்டாத ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் தவணைக் கடனிற் சிறு வெயில் தகடும் ஒரு சேமக்கலமும் வாங்கின. பகலிற் கலத்தை நிரப்பி இரவில் நாலைந்து விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் இயக்கும் ஏற்பாடு அது. அதற்கு ஒரு தனிச் சிறப்புண்டு: ஊரெல்லாம் இருண்டாலும் அவ்வீடு இருளாது. குறையும் உண்டு. சேமக்கலம் சில ஆண்டுகளிற் செத்துவிடும், புதியது வாங்கக் காசிராது. அரசின் கம்பி வாசலுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றி வைத்த குடும்பங்கள் மிகப் பல. ஏழைக்குக் கம்பி வரும்வரை கடனில் வெயில். கம்பி வந்தபின் வசதியுள்ளவனுக்கு ஒப்பந்தத்தில் வெயில். வரலாறு இப்படித்தான் திரும்பிற்று.

2008இல் துணுக்காய், மல்லாவி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, முடிவில் மெனிக்பாம் முகாமின் முட்கம்பிக்குள் வந்து சேர்ந்தார்கள். 2009 இறுதியிலிருந்து அவர்கள் மீண்டபோது கண்டது இடிந்த சுவர். முதலிற் தறப்பாள், பின்னர் தகரம், 2012க்குப்பின் பலருக்கு இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் ஒரு கல்வீடு. மின்கம்பமும் வந்தது. வடக்கு மீண்டும் நாட்டின் மின்வலையோடு இணைக்கப்பட்டது. அதற்கிடையில் யாழ்ப்பாணத்துக்குச் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில் 2019ஆம் ஆண்டு நாட்டின் உயர் நீதிமன்றம் தனியார் மின்நிலையத்தை இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. கிணற்றில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட மக்களுக்கு வெயில் மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நாமும் சொல்லவில்லை.

இனிப் பொறியைப் பார்ப்போம். துணுக்காயில் ஒரு வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாற்று அளவுக்குத் தகடுகள் பொருத்தியிருப்பதாகக் கொள்வோம்.

தகட்டின் உள்ளே இருப்பது சிலிக்கன், மணலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய மூலகம். அதன் மெல்லிய வில்லையின் ஒரு முகத்திற் பொசுபரசும் மறுமுகத்திற் போரனும் அணுவளவிற் கலக்கப்பட்டிருக்கும். ஒன்றில் இலத்திரன் மிகை, மற்றதிற் குறை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்தடுப்பு இயல்பாகவே உண்டாகிறது. வெயில் பட்டதும் இலத்திரன் தன் இடத்தைவிட்டுக் கிளம்புகிறது. தடுப்பு அதை ஒரு திசையிலே தள்ளுகிறது. கம்பி கொடுத்தால் ஓடுகிறது. எரிவதும் சுழல்வதும் இல்லை. ஒளியினால் மின்விளைவு உண்டாதலைப் பிரெஞ்சுக்காரரான பெக்கரல் 1839இலேயே கண்டார். பயன்படத்தக்க சிலிக்கன் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954இற் செய்து காட்டினர். பட்ட வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கே அன்று மின்சாரமாயிற்று. இன்று சந்தையில் விற்கும் தகடு இருபது பங்கைத் தொட்டுவிட்டது.

ஒரு கலம் தருவது அரை வோல்ற்றுக்குச் சற்று மேல். ஆகவே பல கலங்களைத் தொடராகக் கோத்து ஒரு தகடும், பல தகடுகளைத் தொடராகக் கோத்து சில நூறு வோல்ற்றும் பெறுகிறார்கள். துணுக்காய் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், தகடு தெற்கு நோக்கிச் சிறிதே சாய்ந்திருந்தாற் போதும். ஆண்டு முழுவதும் வெயில் ஏறத்தாழ நேராக விழும். வன்னியில் ஒரு கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்குச் சராசரி நாலு அலகளவு தரும் எனலாம். கார்த்திகை மார்கழி மழையில் இது குறையும். பங்குனி சித்திரையிற் கூடும். ஆனால் கூரை கொதிக்கும்போது தகட்டின் திறன் சற்றே தாழும் என்பதையும் மறக்கலாகாது. வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம். இது வன்னிக்கு எட்டாத நிபந்தனை.

தகட்டிலிருந்து வருவது நேரோட்டம். நம் வீட்டுச் சுவரில் உள்ளது ஆடலோட்டம்: நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது. ஒன்றை மற்றதாக்கும் பெட்டிதான் இன்வேட்டர். அதற்குள் இருக்கும் குறைகடத்தி ஆளிகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, நேரோட்டத்தைத் துண்டு துண்டாக்கி அலையாக வார்க்கின்றன. முகில் மறைக்க, விலக, எந்த அழுத்தத்தில் இழுத்தால் தகட்டிலிருந்து அதிக வலு கிடைக்கும் என்பதையும் அப்பெட்டி இடைவிடாது தேடிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் தலையாய வேலை வேறு. வாசலிலுள்ள அரசின் கம்பி எந்தக் கணத்தில் ஏறுகிறது, எந்தக் கணத்தில் இறங்குகிறது என்று பார்த்து, அதே தாளத்திற் தன் அலையையும் இணைக்கிறது. பலர் சேர்ந்து நாற்று நடும்போது ஒருத்தி பாட்டை எடுக்க மற்றவர் கை அதற்கு இசைவதுபோல, மின்வலை பாட்டை எடுக்கிறது, கூரை இசைகிறது. பாட்டை எடுக்கும் ஆற்றல் இந்தச் சாதாரணப் பெட்டிக்கு இல்லை.

ஆகையால், கம்பியில் மின்சாரம் நின்றதும் நண்பகல் வெயிலிலும் பெட்டி தானே அணைந்துவிடுகிறது. பல இலட்சம் ரூபா செலவழித்துத் தகடு போட்டவர், அயல்வீட்டாரைப்போலவே இருளில் இருக்க வேண்டியதுதான். இதை முன்னமே யாரும் சொல்லவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. ஆனால் விதி சரியானது. கம்பி அறுந்த இடத்தைத் திருத்த ஏறும் தொழிலாளி, மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற நம்பிக்கையிலேயே கம்பத்தில் ஏறுகிறான். ஒரு கூரை மட்டும் தனித்தீவாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவன் உயிர் போகும். ஆதலால் வலை நின்ற ஓரிரு நொடிக்குள் ஒவ்வொரு கூரையும் ஒதுங்க வேண்டும். கம்பத்தில் ஏறுபவனுக்காக வீட்டுக்காரன் இருளை ஏற்கும் இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வாசலிலே இருவழி மின்மானி. பகலில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியது வெளியே போகிறது. இரவில் வேண்டியது உள்ளே வருகிறது. இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறது. வெளியே போகும் மின்சாரம் கொழும்புக்குப் போவதில்லை. அடுத்த வீட்டு நீர்ப்பம்பிக்கும் அரிசி ஆலைக்குமே போகிறது. ஆனால் கணக்கு கொழும்பில் நடக்கிறது. இக்கணக்கு முறைக்கு முதன்முதற் சட்டம் செய்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், 1983இல். ஜெர்மனி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒவ்வோர் அலகுக்கும் நீண்டகால விலையை உறுதி செய்தது. இலங்கையில் அலகுக்கு அலகு கழிக்கும் ‘தேறிய மானி’ முறை 2010ஐயொட்டி வந்தது. 2016 செப்ரெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் அரசு இயக்கமொன்றைத் தொடங்கி, மிஞ்சிய அலகுக்குக் காசே தரும் முறைகளையும் சேர்த்தது: முதல் ஏழாண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, பின்னர் 15 ரூபா 50 சதம், ஒப்பந்தம் இருபதாண்டு.

2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எண்ணெய்க்கப்பலுக்குக் காசில்லை, பங்குனி இறுதியில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு. கொழும்பார் அலறினார்கள். இருபதாண்டு இருளைக் கண்ட வன்னியார் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார் என்பது வாசகர் ஊகத்துக்குரியது. அவ்வாண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66. அதே 2022இல் சிறு கூரைக்காரருக்கு அலகுவிலை 37 ரூபா ஆயிற்று. வசதியுள்ளோர் கூரைகளிற் தகடுகள் மளமளவென்று ஏறின. நாடளாவிய கொள்ளளவு 1,000 மெகாவாற்றைக் கடந்தது. 2024இல் விலை 27 ரூபாவாயிற்று. 2025இற் புதியவர்களுக்கு அது மேலும் தாழ்ந்தது.

அந்த 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்தபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி மின்கோளாறு உண்டாக்கியது என்றார்கள். நாடு முழுவதும் இருண்டது. உலகப் பத்திரிகைகள் குரங்கைப் பார்த்துச் சிரித்தன. குரங்கின்மீது நமக்குக் கோபமில்லை. அன்று நடந்ததன் பொருளைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிறு, தொழிற்சாலைகள் மூடியிருந்தன, வெயில் நன்றாக எறித்தது, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி வெயிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர்ச்சுழலியும் நீராவிச்சுழலியும் பாரமானவை. ஒரு கோளாறு வந்தால் அவற்றின் சுழலும் பாரமே சில நொடி தாளம் பிசகாமற் காக்கும். ஏறிய மாட்டுவண்டி மேட்டில் ஒரு கணம் தன் வேகத்திலேயே உருள்வதுபோல. கூரைப் பெட்டிக்குச் சுழலும் பாரம் கிடையாது. அன்று வலையில் அந்தப் பாரம் குறைந்திருந்ததால் 50 என்ற தாளம் விரைவிற் குலைந்து, ஒன்றன்பின் ஒன்றாக யாவும் கழன்றன. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் நின்றதனால் அடுத்த சில நாட்களும் மின்வெட்டு நீடித்தது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணிவரை தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கூரைக்காரரைக் கேட்டுக்கொண்டது. எண்ணெய்க்கு ஏங்கிய நாடு மூன்றாண்டுக்குள் வெயிலை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது!

இதை வன்னி உழவன் எளிதில் விளங்கிக்கொள்வான். மாரியில் குளம் வான் பாய்கிறது. கோடையில் துருசைத் திறந்தாலும் நீரில்லை. வெயில் மின்சாரத்துக்கு நண்பகலே மாரி. நாட்டின் தேவை உச்சம் அடைவது மாலை ஆறரைக்கும் பத்துக்கும் இடையில்; அப்போது தகடு உறங்கிவிடும். இடையில் ஒரு குளம் வேண்டும். அது பெரிய மின்கல நிலையமாகலாம். பகலில் நீரை மேலேற்றி மாலையில் இறக்கும் நிலையமாகலாம். மாஓயாவில் 600 மெகாவாற்றுக்கு அத்தகைய ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. 2025இல் தனி வீட்டுக்காரர் தாமே சேமக்கலம் வாங்கி மாலையில் வலைக்குத் தந்தால் உயர்ந்த விலை தரும் ஏற்பாடும் வந்தது. அதாவது, குளத்தையும் காசுள்ளவனே தன் வளவுக்குள் வெட்டிக்கொள்ளட்டும் என்பது. வவுனிக்குளத்தை அப்படி யாரும் வெட்டவில்லை.

நாடளாவிய இச்சிக்கல் துணுக்காயின் ஒரு தெருவில் இன்னும் கூர்மையாகத் தெரியும். தெருவுக்கு ஒரு நிலைமாற்றி. அதன் வலு 100 கே.வி.ஏ. என்று கொள்வோம். ஐந்து கிலோவாற்று வீதம் இருபது கூரை ஏறினாற் கணக்கு நிறைந்துவிடும். நண்பகலிற் பலரும் ஒருங்கே தள்ளும்போது கம்பியின் கடைக்கோடியில் அழுத்தம் ஏறும். 230 வோல்ற்றுக்கு நூற்றுக்கு 6 கூடக்குறைய என்பதே நம் நாட்டு வரம்பு. அதைத் தாண்டினாற் கடைக்கோடி வீட்டுப் பெட்டி ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே முதலில் விண்ணப்பித்தவருக்கு இடம்; இருபத்தொராவது வீட்டுக்கு இல்லை. யார் முதலில் விண்ணப்பிப்பார்? வங்கியிற் கடன் கிடைப்பவர், கூரை உரமானவர், வெளிநாட்டில் உறவினர் உள்ளவர். மாதம் நாற்பது அலகில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் இயக்கும் விதவைத் தாய்க்கு இந்தத் தகட்டால் இலாபமும் இல்லை. அவள் கட்டணம் ஏற்கெனவே கீழ்ப்படியில் இருப்பதால் கழிக்க அதிகமில்லை. ஆனால் கம்பத்தையும் நிலைமாற்றியையும் பராமரிக்கும் செலவில் அவள் பங்கு அவளை விடாது. முன்னமே போட்டவர் பேராசைக்காரர் என்று நாம் சொல்லவில்லை; ஆசிரியரும் சிறு கடைக்காரருமாகப் பலர் கடன்பட்டே போட்டிருக்கிறார்கள். விலையை ஆண்டுக்கொரு விதமாக மாற்றும் அரசால் அவர்களிலும் பலர் அல்லற்படுகிறார்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வகைசெய்தன. கடைக்கோடித் தெருவின் நிலைமாற்றியைப் பெருப்பிக்கும் பொறுப்பு அவற்றில் எதன் கணக்கில் விழும் என்பதை மக்கள் இப்போதே கேட்க வேண்டும்.

வன்னியில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று அளந்து, இத்தனை ஏக்கருக்கே போதும் என்று கணக்கிட்டு, அந்த ஏக்கரைக் காணிக்காரர் எல்லோருக்கும் பங்கிடுவார்கள். வாய்க்காற் தலைப்பில் இருப்பவன் முழு வயலையும் விதைத்துக் கடைக்கோடியான் தரிசாக விட வேண்டும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. சண்டை வரும், பங்கு பிழைக்கும், ஆயினும் நீர் பொது என்னும் எண்ணம் அங்கே ஆட்டங் காணாது. நிலைமாற்றியின் 100 கே.வி.ஏ.யும் அத்தகைய நீர்மட்டமே. அதை ஒரு கூட்டத்தில் வைத்துப் பங்கிடுவதற்குத் தடையாக இருப்பது விஞ்ஞானம் அன்று, ஒப்பந்தப் படிவம். அப்படிவத்திற் தனியாளுக்கும் நிறுவனத்துக்கும் இடமுண்டு. ஒரு தெரு முழுவதும் சேர்ந்து ஒரு கையொப்பம் இட இடமில்லை.

பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராக இருந்த 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடி கோலினார். அந்தச் சங்கங்களின் அகன்ற களஞ்சியக் கூரைகள் வன்னியிலும் இருக்கின்றன. பாடசாலைக் கூரைகள் இருக்கின்றன. பாடசாலை மின்சாரத்தைப் பகலிலேயே செலவிடும். ஆகவே வெயிலும் தேவையும் அங்கே ஒரே நேரத்திற் பொருந்துகின்றன. சனி, ஞாயிறு மட்டுமே மிச்சம் வெளியே வரும். அதுவோ வலைக்கு ஆகாத நாள். அந்த இரண்டு நாள் மின்சாரத்தை ஒரு பொதுச் சேமக்கலத்தில் வைத்து மாலையில் அதே நிலைமாற்றியின் கீழுள்ள வீடுகளுக்கு விடலாம். வலை நின்றபோது, தெருக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, பாடசாலையின் ஒரு மண்டபத்துக்கு மட்டும் தானே பாட்டை எடுக்கவல்ல இன்வேட்டர்களும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றின் விலை சாதாரணப் பெட்டியினும் கூடியது. ஒரு வீட்டுக்குச் சுமை, நூறு வீட்டுக்கு அவ்வளவு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கத்தக்க கணக்கு இது. கணித ஆசிரியர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் ஒரு கிழமை தெருத்தெருவாகச் சென்று, எந்த நிலைமாற்றியின் கீழ் எத்தனை வீடு, எத்தனை தகடு, எந்த வீட்டில் நண்பகல் அழுத்தம் எத்தனை வோல்ற்று என்று எழுதினால், அந்தக் கணக்கின் முதற் பாதி முடிந்துவிடும்.